சிவந்த பித்தளை

பாளையங்கோட்டை,
3 பிப்ரவரி 2025.

தம்பி ஹரீஷுக்கு,

உன் எபி அண்ணன் வீட்டு சாலோமி மைனி எழுதுகிறேன். நீயும் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நானும் ஸ்டெபியும் இருக்கிறோம். அதற்குமேல் எங்கள் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். இரண்டு தடவை போன் பண்ணினேன். இரண்டு தடவையும் நீ அழுதாய், நான் தேற்றினேன், போனை வைத்தாயிற்று. புருஷனைப் பறிகொடுத்தவள் நான். தேற்றுகிற வேலையும் என் தலையிலேயே விழுந்தது. எழுதும்போது அப்படி அழுது தப்பிக்க முடியாது. நீயும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும், கீழே கையெழுத்துப் போட்டு.

கப்பல் கம்பெனி அறிக்கையின் நகல் வந்தது. டிசம்பர் ஆறாம் தேதி காலை பதினொரு மணிக்கு, மோட்டார்மேன் எபினேசர் கடல்தண்ணீர் வடிகட்டியைக் கழுவிவிட்டு அதன் மூடியை முறுக்காமல் விட்டுவிட்டாராம். அந்த வழியாகத் தண்ணீர் பீறிட்டு மின்சாரப் பெட்டியில் அடித்ததாம். அவர் ஷாக் அடித்து இறந்ததும், அவரை இழுக்கப் போன சமையற்காரர் பாவா தூக்கியெறியப்பட்டு இடுப்பு ஒடிந்ததும் அவருடைய கவனக்குறைவினால்தானாம். இரண்டாம் எஞ்சினியர் ஹரீஷ் வால்வை மூடிக் கப்பலைக் காப்பாற்றினாராம். கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உன்னுடையது.

உனக்கு அவரைத் தெரியாதா? ஆறு வருஷம் ஒரே எஞ்சின் அறையில் இருந்திருக்கிறாய். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற மனுஷன். வண்ணார்பேட்டை தாண்டிப் போன பஸ்ஸிலிருந்து இறங்கி, திரும்பி வந்து, வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தவர். அவரா மூடியை முறுக்காமல் விட்டார்? இந்தக் காகிதத்தை ஸ்டெபி எனக்கு முன்னால் வாசித்துவிட்டாள். பதினொரு வயசுப் பிள்ளைக்குக் கவனக்குறைவு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அவளுடைய ரேங்க் அட்டையில் டீச்சராக நானே எழுதியிருக்கிறேன்.

மார்ச் இருபதாம் தேதி தூத்துக்குடியில் அரசாங்க அதிகாரி முன்னால் விசாரணை. அதற்குள் என்ன நடந்தது என்று நீ எனக்கு எழுது.

இன்னொன்று. அக்டோபர் லீவில் அவர் அலமாரியில் வைத்துவிட்டுப் போன துணிப்பையில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. கட்டைவிரல் பருமன், ஒரு முனையில் மரை. மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது. ஸ்டெபியின் பழைய கணக்கு நோட்டுத் தாளில் சுற்றி, தாளின் மேல் 'அலி அக்பரிடம் காட்ட' என்று எழுதியிருக்கிறார். அது என்ன?

அம்மாவை விசாரித்ததாகச் சொல். எங்கள் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு அவர்கள் கொடுத்த பித்தளைச் செம்பு இப்போதும் ஜன்னலில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சாலோமி எபினேசர்.


கல்லிடைக்குறிச்சி,
11 பிப்ரவரி 2025.

அன்புள்ள மைனிக்கு,

ஹரீஷ் நமஸ்காரம். உங்கள் கடிதத்தை அம்மாதான் தபால்காரரிடம் வாங்கினாள். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஆற்றில் குளிக்கப் போகும்போதெல்லாம் எபி அண்ணனுக்காக ஒரு முழுக்குப் போடுகிறாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி இப்போது பரவாயில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அதை எழுதி உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது.

மைனி, அந்த அறிக்கையை நான் எழுதவில்லை. எழுதியே கொண்டுவந்தார்கள். கரையேறி மூன்றாம் நாள் என்னிடம் நீட்டினார்கள். கேப்டன் போட்டார், சீஃப் எஞ்சினியர் போட்டார், நானும் போட்டேன். நான் போடாவிட்டாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும்.

அண்ணனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர். "என்னவே ஐயரே, மோர்சாதம் தின்ன கை முறுக்குமா?" என்று கேலி செய்துகொண்டே கற்றுக்கொடுத்தார். ஆனால் அண்ணனும் மனுஷன்தானே. ஒரு நிமிஷம் மறதி யாருக்கும் வரும். அதனால் அவர் மேல் நமக்கிருக்கும் மரியாதை குறைந்துவிடாது. நீங்கள் இதையே நினைத்துக்கொண்டிருக்காமல், ஸ்டெபியின் படிப்பைப் பாருங்கள்.

அந்தப் பித்தளைத் துண்டு ஒன்றும் இல்லை. கப்பலில் அப்படிப்பட்ட கழிவு ஆயிரம் கிடக்கும். தூக்கி எறிந்துவிடுங்கள். வைத்திருந்தால் பார்க்கும்போதெல்லாம் மனசுதான் சங்கடப்படும்.

எனக்கு மே மாதம் ஹம்ஸினி என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் முதல் பத்திரிகை உங்கள் வீட்டுக்குத்தான். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

என்றும் உங்கள் தம்பி,
ஹரீஷ்.


பாளையங்கோட்டை,
17 பிப்ரவரி 2025.

ஹரீஷ்,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். இருபது வருஷமாகத் தமிழ்க் கட்டுரை திருத்துகிறவள் நான். பிள்ளை எந்த இடத்தில் சொந்தமாக எழுதினாள், எந்த இடத்தில் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினாள் என்று எனக்குத் தெரியும். மோர்சாதம் உன்னுடையது. 'மனுஷன்தானே' யாருடையது? கம்பெனி வக்கீல் சொல்லிக்கொடுத்தாரா?

துண்டைத் தூக்கி எறியச் சொன்னாய். சரி, எறியத்தான் எடுத்தேன். ஸ்டெபி, "அப்பா வச்சதும்மா, குடு" என்று பிடுங்கினாள். கை தவறித் துவைக்கிற கல்லில் விழுந்தது. பித்தளை விழுந்தால் டங்கென்று சத்தம் வரும் அல்லவா? இது மண் ஓடு மாதிரி விழுந்து இரண்டாக உடைந்தது. உள்ளே மஞ்சளே இல்லை. செங்கல் நிறம். நகத்தால் சுரண்டினேன், தூளாக உதிர்ந்தது. ஸ்டெபி அழ ஆரம்பித்துவிட்டாள், அப்பாவுடைய சாமானை உடைத்துவிட்டேன் என்று.

சனிக்கிழமை அதைப் பழைய டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு பேட்டைக்குப் போனேன். தாளில் எழுதியிருந்த அலி அக்பர் அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"டீச்சர், இது எபி அண்ணன் போன்ல சொன்ன சாமான்லா! கொண்டாரேன்னு சொன்னாவ. வரவே இல்ல."

உடைந்த துண்டைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் சேந்தது. கடத்தண்ணி இருக்கே, அது பைய பைய துத்தநாகத்த மட்டும் உருவிரும். செம்பு மட்டும் பஞ்சா நிக்கும். அளவு கொறையாது, மரை தேயாது. பாத்தா முழுசா இருக்கும், பலம் இருக்காது. இது கூலர் மூடில இருக்கிற பிளக்கு, டீச்சர். கடத்தண்ணி கூலருக்குள்ள ஓடித்தான் எஞ்சின் சூட்ட ஆத்தும். அது பித்தளையத் திங்காம இருக்க இந்தப் பிளக்கு நுனில ஒரு துத்தநாகக் குச்சி மாட்டுவாங்க. கடலுக்கு அதுதான் தீனி. குச்சி தீந்ததும் வேற மாட்டணும். மாட்டலன்னா பிளக்கையே தின்னுட்டுப் போயிரும். ஒரு நாள் பம்பு போட்டதும் தலை தெறிச்சிரும்."

கிளம்பும்போது அவர் கேட்டார்: "இது ரெண்டு இருக்குமே. இதுக்குச் சோடி எங்க?"

நான் அதை உன்னிடம் கேட்கிறேன். டிசம்பர் ஆறாம் தேதி தண்ணீர் வடிகட்டி மூடி வழியாக வந்ததா, இதன் சோடி வழியாக வந்ததா? ஒரு வரி போதும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

சாலோமி.


கல்லிடைக்குறிச்சி,
25 பிப்ரவரி 2025.

மைனி,

மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எழுதுகிறேன். ஆனால் இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

வடிகட்டி மூடி சரியாகத்தான் இருந்தது. அண்ணன் முறுக்கியிருந்தார். தண்ணீர் பிளக் வழியாகத்தான் வந்தது.

போன ஆகஸ்டில் கப்பல் பழுதுபார்க்க நின்றபோது கூலரைத் திறந்தோம். மூடியில் இரண்டு பிளக். இரண்டிலும் துத்தநாகக் குச்சி கரைந்து காணாமல் போயிருந்தது. கேட்டு எழுதி மாதக்கணக்கில் ஆகியும் கம்பெனி புதுக் குச்சி அனுப்பவில்லை. இரண்டு பிளக்குமே சிவந்திருந்தன. ஒன்றை மாற்றினோம். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். மற்றதற்கு ஸ்பேர் இல்லை. பழையதையே திரும்ப மாட்டினோம். ஆய்வுத் தாளில் 'நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

விபத்து நடந்த மறுவாரமே கூலர் மூடியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது உங்கள் டிபன் டப்பாவில் இருப்பது மட்டும்தான்.

மைனி, அதை விசாரணைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். அது மேஜைக்கு வந்தால் அடுத்த கேள்வி, சோடியைச் சரி என்று யார் எழுதியது என்பதுதான். என் சர்டிபிகேட் போகும். கேஸ் வரும். ஓர் உயிர் போன விஷயம், ஜெயில்கூட வரலாம். அப்பா இதைத் தாங்கமாட்டார். ஹம்ஸினி வீட்டில் பத்திரிகை அடித்துவிட்டார்கள். அண்ணன் இனி எழுந்து வரப்போவதில்லை. நான் உயிரோடு இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏன் புதைக்க வேண்டும்? அண்ணன் இருந்தால் என்னைக் காட்டிக்கொடுப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.

பைத்தியக்காரனைப் போல எழுதுகிறேன் என்று தெரிகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அம்மா புடவைக்கடைக்குப் போகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஹரீஷ்.


பாளையங்கோட்டை,
4 மார்ச் 2025.

ஹரீஷ்,

கிழிக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

அவர் உன்னைக் காட்டிக்கொடுப்பாரா என்று கேட்கிறாய். மாட்டார். அந்த நல்ல குணத்தைத்தானே மூன்று பேரும் சேர்ந்து பயன்படுத்திக்கொண்டீர்கள். செத்தவர் எதிர்த்துப் பேசமாட்டார், அதிலும் எபி உயிரோடு இருந்தாலே பேசமாட்டார்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது எங்கள் கேட்டருகே பாவாவின் மனைவி ஜமீலா பீவி நின்றாள். மேலப்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"டீச்சர், எங்க வூட்டு ஆளு எழுந்து ஒண்ணுக்குக்கூடப் போவ முடியாமக் கெடக்காவ. ஒங்க வீட்டுக்காரர் ஒரு மூடிய முறுக்க மறந்ததுக்கு எங்களுக்கு இந்தத் தண்டன. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த வந்து கேட்டீங்களா?"

தெருவே பார்த்தது. உன் கடிதம் வீட்டுக்குள் பத்தடி தூரத்தில் இருக்கிறது. எடுத்து வந்து காட்டியிருக்கலாம். நீ மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதியது ஞாபகம் வந்தது. காட்டவில்லை. "மன்னிச்சிருங்க அக்கா" என்று அவளிடம் கை கூப்பினேன். அவர் செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டேன் ஹரீஷ். ஸ்டெபி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் கேட்டாள்: "அப்போ நெசமாவே அப்பாதானாம்மா?"

அவளுக்கு நான் என்ன சொல்ல? இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அப்பா போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

நாளை லெந்து தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பரமண்டல ஜெபம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். 'எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்' என்ற வரி வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் சொல்லிக்கொண்டே போகிறார்கள், நான் சும்மா நிற்கிறேன். தினமும் நானூறு பிள்ளைகள் முன்னால்.

இன்னும் நீ பாதிதான் எழுதியிருக்கிறாய். பிளக் சிவந்திருப்பதைப் பார்த்து அவர் என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்? சிலிண்டரை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவர், ஸ்பேர் இல்லையென்றால் சரி என்று பேசாமல் திரும்ப மாட்டினாரா? நம்பமாட்டேன்.

சாலோமி.


கல்லிடைக்குறிச்சி,
9 மார்ச் 2025.

மைனி,

கம்பெனி வேறு கப்பலில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டது. பதினாறாம் தேதி சென்னையிலிருந்து விமானம். விசாரணைக்கு நான் வரத் தேவையில்லை, பழைய கையெழுத்தே போதும் என்கிறார்கள். என்னால் இங்கே மூச்சு விட முடியவில்லை. என்னை விட்டுவிடுங்கள். நான் செத்துப்போனதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹரீஷ்.


பாளையங்கோட்டை,
11 மார்ச் 2025.

ஹரீஷ்,

செத்துப்போனவரை எப்படி நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். நீ சொல்லித்தர வேண்டாம்.

இருபதாம் தேதி நான் டிபன் டப்பாவோடு தூத்துக்குடிக்குப் போகிறேன். அலி அக்பர் பட்டறையை அடைத்துவிட்டுக் கூட வருகிறேன் என்கிறார். ஆனால் அவரும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "டீச்சர், இது எப்படிச் செத்த பித்தளைன்னு நான் சொல்லுதேன். எந்தக் கப்பல் பித்தளைன்னு என்னால சொல்ல முடியாதே." அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

உன் கடிதத்தை நான் மேஜையில் வைக்கப்போவதில்லை. கிழிக்கச் சொல்லிக் கெஞ்சி எழுதியதை எடுத்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. என்னுடைய இந்தப் புத்திக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். நீயாக வந்து சொன்னால் சொல். இல்லையென்றால், 'கவனக்குறைவு' என்பதை ஸ்டெபி ஆயுசு முழுக்கச் சுமக்கட்டும்.

சாலோமி.


சென்னை,
15 மார்ச் 2025.

அன்புள்ள மைனிக்கு,

நான் ரயில் ஏறும்போது அப்பா உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தார். திருச்சி தாண்டிய பிறகுதான் பிரித்தேன். இது எழும்பூரில் ஒரு லாட்ஜ் அறை. நாளை விமானம். நான் ஏறப்போவதில்லை. அதிகாரிக்கு எட்டுப் பக்கம் எழுதி இன்று மதியம் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். இருபதாம் தேதி நேரிலும் வருவேன். அதிகாரிக்கு எழுதியதை உங்களுக்கும் எழுத வேண்டும். உங்களுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஸ்பேர் இல்லை என்று எழுதினேனே, அது பாதிப் பொய். கப்பலில் இல்லை, அவ்வளவுதான். வெளியே கேட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் வந்திருக்கும். கேட்கத் தேவையில்லை என்று சொன்னது நான்.

நடந்தது இது. அண்ணன் இரண்டாவது பிளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயரே, இதுவும் செவந்திருக்குவே. நெறம் நல்லால்ல. ஒரு அரம் போட்டுப் பாத்திருவோம்" என்றார். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் உதிர்ந்திருக்கும், மைனி. ஒரே ஒரு இழுப்பு.

நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா பித்தளைப் பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்ததும் ரோஜா நிறமாக வரும். பிறந்ததிலிருந்து அந்த நிறத்தைத்தான் சுத்தம் என்று பார்த்திருக்கிறேன். அந்தப் பிளக்கைப் பார்த்ததும் அதே நிறம். எஞ்சினியரிங் படித்தவன் நான். கடல்தண்ணீரில் பித்தளை சிவந்தால் என்ன அர்த்தம் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். கையில் வந்தபோது அது ஞாபகம் வரவில்லை, எங்கள் சமையலறைதான் ஞாபகம் வந்தது. "அண்ணே, இது அழுக்குப் போன நிறம். உங்க வீட்டுக்கு எங்க அம்மா குடுத்த செம்பு இப்படித்தானே இருக்கு? நல்ல பித்தளை, மாட்டுங்க" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "படிச்ச ஆளு சொல்லுதீரு, சரிதாம்" என்று தன் கையாலேயே முறுக்கினார். ஆனாலும் மனசு கேட்காமல்தான் முதல் பிளக்கைப் பையில் போட்டிருக்கிறார் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வால்வை மூடியது நான் இல்லை. தண்ணீர் பீறிட்டபோது ஓடிவந்தேன், ஏணியில் பாதிதான் இறங்கினேன். கால் வரவில்லை. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் வால்வுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீரு வராதயும்வே! பெட்டில கரண்டு இருக்கு!" என்று கத்தினார். அவருக்குத் தெரிந்திருந்தது, மைனி. தெரிந்தேதான் கடைசிச் சுற்று வரைக்கும் சுற்றினார். வால்வு மூடியது, தண்ணீர் நின்றது. அதன் பிறகு அவர் அசையவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு பாவா அண்ணன் இறங்கினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறிக்கையில் அந்தச் சக்கரத்தில் என் பெயரை எழுதியிருந்தார்கள். நான் அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டெபியிடம் சொல்லுங்கள், அப்பா மறக்கவில்லை. அப்பா ஒன்றையும் மறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கவில்லை.

ஹரீஷ் லக்ஷ்மிநாராயணன்.


பாளையங்கோட்டை,
7 ஏப்ரல் 2025.

தம்பி ஹரீஷுக்கு,

தம்பி என்று எழுதவா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. இருக்கட்டும்.

விசாரணையில் நீ பேசியதை முதல் வரிசையிலிருந்து கேட்டேன். கம்பெனி வக்கீல் உன்னைப் பார்த்துக் கத்தினபோதும் நீ மாற்றிச் சொல்லவில்லை. வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அன்றைக்கு என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

முந்தாநாள் சாட்சியத்தின் நகல் வந்தது. வால்வை மூடியவர் எபினேசர் என்று அதிகாரி பதிந்திருக்கிறார். வடிகட்டி மூடி முறுக்கியே இருந்தது என்றும் பதிந்திருக்கிறார். ஸ்டெபியை உட்கார வைத்து, உன் கடிதத்தில் ஏணிப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். "கரண்டு இருக்குன்னு தெரிஞ்சுமாம்மா?" என்றாள். வெகுநேரம் அழுதாள். பிறகு போட்டோவை முகம் தெரியத் திருப்பி வைத்தாள். ஜமீலா பீவி வந்தாள், இந்தத் தடவை உள்ளே வந்தாள். டீ போட்டுக் குடித்தோம்.

உன் சர்டிபிகேட்டை நிறுத்தி வைத்ததும் ஹம்ஸினி வீட்டார் பத்திரிகையைத் திருப்பி அனுப்பியதும் அலி அக்பர் மூலம் தெரியும். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். படவில்லை.

இப்போது என்னுடையதை நான் எழுத வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபரில் லீவு முடிய ஒரு நாள் இருக்கும்போது அவர் அந்தத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். "பேட்டை வரைக்கும் போயிட்டு வாரேன், அலி அக்பர்ட்ட ஒரு சாமானைக் காட்டணும்" என்றார். அன்று எங்கள் கோயிலில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடும், பரிமாற ஆள் வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வருஷத்துல பத்து மாசம் அந்தக் கப்பலத்தான கட்டிக்கிட்டு அழுதீங்க, ஒரு நாள் வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆகாதா?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "சரிளா, அடுத்த லீவுல பாத்துக்கிடுதேன்" என்று பையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு சாம்பார் வாளி தூக்க வந்துவிட்டார்.

அன்று அவர் போயிருந்தால் அலி அக்பர் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். மறுநாள் கப்பலுக்குப் போனதும் சோடியைக் கழற்றியிருப்பார்.

நீ ஓர் அர இழுப்பைத் தடுத்தாய். நான் ஒரு பஸ் பயணத்தைத் தடுத்தேன். உன்னைக் கேட்க இவ்வளவு கடிதம் எழுதினேன். என்னைக் கேட்க யாரும் இல்லை. அதனால்தான் உன்னை அவ்வளவு கேட்டேனோ என்னவோ.

உன் அம்மா கொடுத்த செம்பு ஜன்னலில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் நானும் புளி போட்டுத் தேய்ப்பேன். இப்போது தேய்ப்பதில்லை. கறுத்துவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

இனி எனக்கு எழுதாதே ஹரீஷ். வெறுப்பினால் சொல்லவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்த ஏணி கண்முன் வருகிறது. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள். நெஞ்சுவலிக்காரரைத் தனியே விட்டுவிட்டு எங்கேயும் போய்விடாதே.

இன்று காலை ஜெபத்தில் மன்னிக்கிற அந்த வரி வந்தது. வாயைத் திறந்தேன். பிள்ளைகளோடு சேர்ந்து பாதி சொன்னேன். மீதிப் பாதிக்குக் குரல் வரவில்லை. முழு வரியும் வருகிற நாளில் நானே உனக்கு எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

சாலோமி.